சக்கரம் வைத்த வீடும் நாலந்தாவின் நல்ல நேரமும்

திண்டுக்கல்லில் எங்கள் தெருக்காரர் ஒருவர் கொழும்பில் கடை வைத்திருந்தார். ஊருக்கு வந்தவர் எங்கள் வீட்டு வாசலில் நின்று, "உங்க செபஸ்தி மாத்தளையில வீடு கட்டிட்டான். ரெண்டு சன்னல், அடுப்படி, கட்டில் எல்லாம் இருக்கு. நானே உள்ள உக்காந்து காப்பி குடிச்சிட்டு வந்தேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். அம்மா முதலில் சிரித்தாள். பிறகு முந்தானையை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நல்ல சேதிக்கு ஏன் அழுகிறாய் என்று கேட்டேன்.

"அங்கிட்டே வீடு கட்டிட்டான்னா இனி இங்கிட்டு எதுக்கு வரப்போறான்" என்றாள்.

செபஸ்தி அண்ணன் இலங்கைக்குப் போய்த் தோட்டத்தில் கிளாக்கராகி, அங்கேயே கல்யாணமும் செய்துகொண்டவர். ஊருக்கு வந்து வருஷக்கணக்காகிறது. பள்ளிக்கூடத்தில் நான் பரீட்சைத் தாள் திருத்தி முடித்த கையோடு, போய் அந்த வீட்டைப் பார்த்துவிட்டு வா என்று அம்மா என்னைக் கப்பலேற்றினாள். எங்கள் ஊர்க் கத்தோலிக்க வீடுகளில் வழக்கமாக இருக்கும் திரு இருதய ஆண்டவர் படம் ஒன்றைக் கண்ணாடி போட்டுக் கொடுத்தாள். படத்துக்கு முன்னால் ஒரு சின்னச் சிவப்பு பல்பு இரவும் பகலும் எரிய வேண்டும். ஒருமுறை ஏற்றினால் அணைக்கக் கூடாது. கூடவே ஒரு வேலையும் வைத்தாள். வாசல் எந்தப் பக்கம் பார்த்திருக்கிறது என்று நான் அவசியம் கவனித்து வர வேண்டும். அம்மா பூசைக்குத் தவறாமல் போகிறவள்தான். ஆனாலும் வாசல் விஷயத்தில் ஆண்டவரை மட்டும் நம்பிச் சும்மா இருக்க மாட்டாள்.

கப்பலில் வாந்தி எடுத்ததைத் தவிர எழுத ஒன்றும் இல்லை. ரயிலில் ஒரு சிங்களப் பெரியவர் நான் கையில் பிடித்திருந்த படத்தைப் பார்த்துவிட்டு, எழுந்து இடம் கொடுத்தார். படத்தை அங்கே உட்கார வைத்துவிட்டு நான் பக்கத்தில் நின்றுகொண்டே வந்தேன். எனக்கு யாரும் எழுந்து இடம் கொடுக்கவில்லை.

மாத்தளைக்குப் பக்கத்தில் ஒரு கொக்கோத் தோட்டத்தில் அண்ணனுக்குக் குவார்ட்டர்ஸ். லூர்து மதினி நல்ல சாப்பாடு போட்டார். சிவப்பரிசிச் சோறு, பலாக்காய்க் கறி, இடித்த தேங்காய்ச் சம்பல். நம் ஊரில் தேங்காய் குழம்புக்கு ருசி கொடுக்கும். இங்கே தேங்காய்தான் சாப்பாடு, மற்றதெல்லாம் அதற்குத் துணை. மிளகும், நாம் பட்டை என்கிற கறுவாவும் கொல்லையிலேயே விளைவதால் வீடு முழுக்க மருந்துக் கடை வாசனை. கை கழுவிய பிறகு, புது வீடு எங்கே, போய்ப் பார்க்கலாம் என்றேன். மதினி பாத்திரத்தை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டார். அந்த நடையிலேயே எனக்கு ஏதோ புரிந்திருக்க வேண்டும்.

அண்ணன் என்னைப் பின்பக்கத்துக் கொட்டகைக்குக் கூட்டிப்போனார். அங்கே ஒரு வேன் நின்றது. தோட்டத்தில் பல காலம் ஆம்புலன்ஸாக ஓடிக் களைத்து, இனி ஆகாது என்று கழித்துவிடப்பட்ட வண்டி. அதை வாங்கி, பக்கங்களில் சன்னல் வெட்டி, உள்ளே கட்டில் போட்டு, மண்ணெண்ணெய் அடுப்பு வைக்க மேடை கட்டி, பச்சைப் பெயின்ட் அடித்து வைத்திருந்தார். பின்பக்கக் கதவைத் திறந்ததும் சின்னப் படிக்கட்டு இறங்கியது. கதவில் மாவிலை.

"வீடு" என்றார் அண்ணன்.

"சக்கரம் இருக்கு" என்றேன்.

தோட்டத்துக் குவார்ட்டர்ஸ் தோட்டத்துக்குச் சொந்தம், வேலையை விட்டால் அதையும் விட வேண்டும், ஆனால் இந்த வீட்டை எவனும் காலி பண்ணச் சொல்ல முடியாது என்று விளக்கினார். விளக்கம் எனக்குப் பிடித்தது. ஆனால் அம்மாவிடம் இதை எப்படிப் போய்ச் சொல்வது. வாசல் எந்தத் திசை என்ற கேள்விக்கே பதில் இல்லை. வண்டி நிற்கிற திசைதான் வாசலின் திசை.

மதினிக்கு அந்த வண்டியைக் கண்டாலே ஆகாது. "எத்தன பேர சாகக் கொண்டுபோன வண்டி அது. அதுல படுத்துத் தூங்கச் சொல்றாங்க" என்று என்னிடம் புலம்பினார். பிழைத்து வந்தவர்களும் அதே வண்டியில்தானே வந்தார்கள் என்பது அண்ணனின் கட்சி. அதோடு, கிளம்பிய ஒவ்வொரு தடவையும் அது எங்காவது நின்று, யாராவது கயிறு கட்டி இழுத்து வந்து விடுவார்களாம். தேர் வருகிற மாதிரி ஊரே வேடிக்கை பார்க்குமாம். மாத்தளை டவுனில் ஒரு பேக்கரி முதலாளி பாண் விற்பதற்கு அந்த வண்டியைக் கேட்டுக்கொண்டிருந்தார். நம் ஊர் ரொட்டிதான் அங்கே பாண். அவர் ஒருநாள் வந்து, கட்டில் இருக்கும் இடத்தில் எத்தனை தட்டு அடிக்கலாம் என்று கண்ணாலேயே அளந்துவிட்டுப் போயிருந்தார்.

கடைசியில் புருஷனும் பெண்சாதியும் ஓர் ஒப்பந்தத்துக்கு வந்திருந்தார்கள். நான் வந்திருக்கும் சாக்கில் தம்புள்ளை வரை போய் வருவது. எங்கும் கயிறு கட்டி இழுக்காமல் வண்டி தன் காலில் திரும்பி வந்துவிட்டால் மதினி இனி வாய் திறக்க மாட்டார். கயிறு கட்டினால், மறுநாளே வண்டி பேக்கரிக்கு. கையால் தள்ளினால் கணக்கில்லை என்று அண்ணன் ஒரு சலுகை கேட்டு வாங்கியிருந்தார். சும்மா சொல்லக் கூடாது, கிளாக்கர் வேலை பார்ப்பவர் அல்லவா.

மறுநாள் பங்குச் சாமியார் வந்து வண்டியை மந்திரித்துத் தீர்த்தம் தெளித்தார். ஆம்புலன்ஸையும் பார்த்திருக்கிறேன், வீட்டையும் மந்திரித்திருக்கிறேன், இரண்டும் ஒன்றாக இருப்பதை இன்றுதான் பார்க்கிறேன் என்று சொல்லிக்கொண்டே தெளித்தார். அம்மா கொடுத்த படத்தைக் கட்டிலுக்கு மேலே மாட்டினோம். அண்ணன் வண்டியின் பேட்டரியிலிருந்து ஒயர் இழுத்து, பழைய பின்விளக்கு பல்பு ஒன்றைப் படத்துக்கு முன்னால் பொருத்திக் கொடுத்தார். மதினி அந்த வண்டிக்குள் முதல் தடவையாக மனசார ஏறியது அப்போதுதான். ஆண்டவரைப் பார்த்துச் சிலுவை போட்டுக்கொண்டு, "இத மட்டும் அணைக்கக் கூடாது, சொல்லிப்புட்டேன்" என்றார். அண்ணன் வேகமாகத் தலையாட்டினார். மதினி அதற்குள் ஏறியதே அவருக்குப் பெரிய பாக்கியமாக இருந்தது.

அடுத்த நாள் கிளம்பினோம். சித்திரைப் புத்தாண்டுக்கு முந்தின நாள் அது. டவுனில் துணிக்கடைகளில் தேர்க்கூட்டம். அலுவிகாரையில் மதினி இறங்கி இளநீர் வாங்கினார். இளநீர்க்காரர் வண்டிக்குள் எட்டிப் பார்த்து, யாருக்கு உடம்பு சரியில்லை என்று கேட்டார். பச்சைப் பெயின்டுக்கு அடியிலும் அந்தப் பக்கத்து ஜனங்களுக்கு அது ஆம்புலன்ஸ்தான். மதினி எனக்கு மட்டும் தெரிகிற மாதிரி ஒரு பார்வை பார்த்தார்.

மதினி அடுப்படியைக் குசினி என்றுதான் சொல்வார், நாற்காலியைக் கதிரை என்பார். தம்புள்ளைப் பாதையில் இருக்கும் நாலந்தா என்ற ஊரில், பழைய கற்கோயிலுக்குப் போகும் வழியில், ஒரு மேட்டில் வண்டியை நிறுத்தி, அவர் குசினியில் ரொட்டி சுட, நாங்கள் மரத்தடியில் கதிரை போட்டு உட்கார்ந்து சாப்பிட்டோம். தேங்காய்ப்பூ போட்ட தடித்த ரொட்டி, மிளகாய் இடித்த கட்டைச் சம்பல், வெல்லம் கடித்துக்கொண்டு குடிக்கிற சாயத் தண்ணீர், அதாவது பாலில்லாத டீ. எதிரே நெல்வயல், அதற்கப்பால் மலை. வீடு கட்டினால் இப்படி ஓர் இடத்தில் கட்ட வேண்டும் என்று எனக்குத் தோன்றியது, நாங்கள் அப்படித்தான் கட்டியிருக்கிறோம் என்பதும் உடனே தோன்றியது. அன்றைக்கு அங்கேயே தங்கினோம்.

காலையில் அண்ணன் சாவியைத் திருப்பினார். வண்டி 'டக்' என்றது. மறுபடி திருப்பினார். இந்தத் தடவை அதுவும் இல்லை.

நான் உள்ளே திரும்பிப் பார்த்தேன். ஆண்டவர் முன்னால் பல்பு ஊதுபத்தி நுனி மாதிரி கனன்றுகொண்டிருந்தது. மந்திரித்த நாள் முதல் இரவும் பகலும் எரிந்து, வண்டியைக் கிளப்ப வேண்டிய பேட்டரியை அது அப்படியே குடித்துவிட்டிருந்தது. அண்ணன் அதைப் பார்த்தார். மதினியைப் பார்த்தார்.

முன்னால் கைப்பிடி விட்டுச் சுற்றிக் கிளப்பலாமே, எங்கள் ஊர் பஸ்ஸையெல்லாம் அப்படித்தானே கிளப்புகிறார்கள் என்று எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். அண்ணன் கட்டிலைக் காட்டினார். கட்டிலின் ஒரு பக்கத்தைத் தாங்கிக்கொண்டிருந்த இரும்பு முட்டு ஏற்கெனவே அந்தக் கைப்பிடியாக இருந்ததுதான். இரண்டாக வெட்டிப் பற்றவைத்திருந்தார். வீட்டுக்கு என்று செய்ததெல்லாம் வண்டிக்கு வினையாக முடிந்திருந்தது.

கீழே கடைத்தெருவில் பேட்டரி சார்ஜ் பண்ணுகிற இடம் ஒன்று உண்டு. அண்ணனும் நானும் போய்ப் பார்த்தோம். பூட்டியிருந்தது, கடைக்காரர் புத்தாண்டுக்கு ஊருக்குப் போயிருக்க வேண்டும். எல்லாக் கடையும் அப்படியே. தெருவில் ஓர் ஆள், ஒரு நாய் இல்லை. திரும்பி வந்து, வண்டி நின்ற மேட்டுக்குப் பக்கத்து வீட்டில் ஆள் கேட்கலாம் என்று மதினியை அனுப்பினோம். அவருக்குத்தான் சிங்களம் தண்ணீர்பட்ட பாடு.

அந்த வீட்டுக்காரர் பெயர் ரன்பண்டா, மனைவி மெனிக்கே. இருவரும் வெள்ளைத் துணி உடுத்தி, விகாரைக்குப் போய் வந்து, முற்றத்தில் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். நான் வாழ்க்கையில் யாரும் அப்படிச் சும்மா உட்கார்ந்திருந்து பார்த்ததில்லை. மதினி பேசிவிட்டு வந்து சொன்ன சேதி இது. பழைய வருஷம் முடிந்து புது வருஷம் பிறக்கிற இடைவேளையில் யாரும் எந்த வேலையும் செய்ய மாட்டார்கள். அடுப்பைக்கூட அணைத்துச் சாம்பல் வாரித் துடைத்து வைத்துவிடுவார்கள். பஞ்சாங்கத்தில் அடுப்பு மூட்ட ஒரு நல்ல நேரம், அதற்குப் பிறகு வேலை தொடங்க ஒரு நல்ல நேரம். இரண்டும் மத்தியானத்துக்கு மேல். அதுவரை ஒரு துரும்பைக்கூட நகர்த்த மாட்டார்கள், வண்டியையா தள்ளப் போகிறார்கள்.

எங்கள் ஊரில் சித்திரை ஒன்றாம் தேதி விடிந்ததும் பொங்கல், பூசை என்று வீடே அமளிப்படும். இவர்களுக்கு வருஷம் பிறப்பதே ஓய்வில்தான். ஒரு பள்ளிக்கூட வாத்திச்சிக்கு இதைவிட நல்ல பண்டிகை இருக்க முடியாது. ஆனால் அண்ணனுக்கு இருப்புக் கொள்ளவில்லை.

அவர் ஒரு யோசனையோடு வந்தார். பேட்டரியில் ஒரு துளி உயிர் இருக்கிறது, பல்பைக் கழற்றிவிட்டால் அது மிஞ்சும், தள்ளிக் கிளப்பும்போது அந்தத் துளி வேண்டும். மதினி படத்துக்கு முன்னால் போய் நின்றுகொண்டார். "அத்தம்மா குடுத்தனுப்பின வெளக்கு. நல்ல நாளும் அதுவுமா நான் அணைக்க விடமாட்டேன். வேற வெளக்கு ஏத்துங்க, அப்புறமா கழட்டுங்க" என்றார்.

வேறு விளக்குக்கு எங்கே போவது. எங்களிடம் அடுப்பு மண்ணெண்ணெய் இருந்தது, ஆனால் மண்ணெண்ணெய் விளக்கை ஆண்டவருக்கு வைப்பார்களா என்று மதினி கேட்டதும் அந்தப் பேச்சு முடிந்தது. மெனிக்கேயிடம் ஓர் எண்ணெய் விளக்கு கேட்டோம். தாராளமாகத் தருகிறேன், ஆனால் நல்ல நேரம் வந்து என் அடுப்பு மூண்ட பிறகுதான் இந்த வீட்டிலிருந்து நெருப்பு வெளியே போகும் என்று அந்த அம்மாள் சொல்லி அனுப்பினார். ஆக, அணைத்த அடுப்பை மூட்டக் கூடாது, எரிகிற விளக்கை அணைக்கக் கூடாது. நடுவில் அண்ணன் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்.

அந்த நேரத்தில்தான் காசிம் நானா வந்து சேர்ந்தார். அங்கே முஸ்லிம்கள் அண்ணனை நானா என்பார்கள். வில்கமுவப் பக்கத்தில் வயல் வைத்திருந்த முஸ்லிம் பெரியவர், டிராக்டரில் மாத்தளைக்குப் போய்க்கொண்டிருந்தவர். எங்களைப் பார்த்து நிறுத்தி, விஷயத்தைக் கேட்டுவிட்டு, சிரித்தார்.

"நமக்குத் தடை ஒண்டும் இல்ல. கயிறு ஈக்குது. கட்டினா மாத்தளையில கொண்டு விடுவேன்" என்றார்.

அதைவிட நல்ல யோசனை உலகத்தில் இல்லை. அண்ணன் வேண்டாம் என்றார். காசிம் நானாவுக்குப் புரியவில்லை. சார்ஜ் இல்லாத வண்டி, கிளம்பாத வண்டி, இழுக்க ஆள் வந்திருக்கிறது, வேண்டாமென்றால் என்ன அர்த்தம் என்று என்னைக் கேட்டார். நான் ஒப்பந்தத்தைச் சொன்னேன். அவர் டிராக்டரை அணைத்துவிட்டு இறங்கி, வேப்ப மரத்தடியில் துண்டை விரித்து உட்கார்ந்துவிட்டார். இதன் முடிவைப் பார்க்காமல் நான் போக மாட்டேன் என்றார். அவருடைய கயிறு டிராக்டரின் பின்னால் சுருட்டி வைத்தபடி எங்களைப் பார்த்துக்கொண்டே இருந்தது.

மத்தியானத்துக்கு மேல் விகாரையில் பறை ஒலித்தது. ஊரில் பட்டாசு வெடித்தது. மெனிக்கே புது அடுப்பில் புதுப் பானை வைத்துப் பால் பொங்கவிட்டார். பொங்கி வழிந்த பாலைப் பார்த்ததும் எனக்கு எங்கள் வீட்டு முற்றம் ஞாபகம் வந்துவிட்டது. கடல் கடந்து வந்தாலும் பால் பொங்குகிற விதம் ஒன்றுதான். சிறிது நேரத்தில் பாற்சோறு, கொண்டைப் பணியாரம், அச்சு முறுக்கு மாதிரி கொக்கிஸ் என்று ஒரு தாம்பாளம் எங்கள் வண்டிக்கு வந்தது. அதன் நடுவில் ஒரு மண் அகல், தேங்காய் எண்ணெய், திரி, அந்த வீட்டு அடுப்பிலிருந்து பற்றவைத்த சுடர். மெனிக்கே கையால் காற்றை மறைத்துக்கொண்டு தானே தூக்கி வந்தார். மதினி அதை வாங்கிப் படத்துக்கு முன்னால் வைத்த பிறகுதான் அண்ணன் கையைத் தொட்டு, ம், கழற்றுங்கள் என்பது போல் தலையசைத்தார்.

வேலை தொடங்கும் நல்ல நேரமும் நெருங்கியது. ரன்பண்டா ஊர் ஆட்களைக் கூட்டி வந்தார். ஒருவருக்கு உதவுவதையே வருஷத்தின் முதல் வேலையாகச் செய்வது நல்லது என்று அவர் அவர்களிடம் சொன்னதாக மதினி மொழிபெயர்த்தார். பத்துப் பதினைந்து பேர், எல்லோரும் புதுத்துணி. எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. அப்போது ரன்பண்டா வண்டியைச் சுற்றிவந்து பார்த்துவிட்டு, ஒரு விஷயம் சொன்னார். இந்த வருஷம் வேலையைத் தெற்குப் பார்த்துத் தொடங்க வேண்டும் என்பது பஞ்சாங்கம். உங்கள் வண்டி வடக்குப் பார்த்து நிற்கிறது.

சரிதானே, திருப்பி நிறுத்தினால் போயிற்று என்று எல்லோரும் கையை வைத்தார்கள். தம் பிடித்து, முன்னும் பின்னும் நகர்த்தி, அந்த மேட்டில் வண்டியைத் திருப்பி நிறுத்திவிட்டார்கள். இப்போது மூக்கு தெற்கே, மாத்தளையைப் பார்த்து நின்றது. அதன் பிறகுதான் அண்ணன் தலையில் கையை வைத்துக்கொண்டார். சரிவு இருப்பது வடக்கே. தெற்கே போனால் மேடு. வேகம் பிடிக்காமல் எஞ்சின் பற்றாது, மேட்டில் தள்ளி எவனாலும் வேகம் பிடிக்க முடியாது. மறுபடியும் திருப்பலாமா என்றார். ரன்பண்டா பணிவாகத்தான் சொன்னார், ஆனால் முடியாது என்றுதான் சொன்னார். நல்ல நேரம் ஓடிக்கொண்டிருக்கிறது. எங்கள் எல்லோருடைய வருஷமும் இந்த வண்டியைத் தொட்டுத்தான் தொடங்குகிறது. திசையை மாற்ற முடியாது.

இரண்டு பக்கத்துக்கும் மாறி மாறி மொழிபெயர்த்துக் களைத்துப்போயிருந்த மதினிக்குக் கோபம் வந்துவிட்டது. "தெக்கப் பாத்துக்கிட்டே வடக்க போங்களேன். வாழ்க்க முச்சூடும் ஒரு பக்கம் பாத்துக்கிட்டு இன்னொரு பக்கம்தான போறீங்க" என்றார்.

நான் சிரித்துவிட்டேன். அண்ணன் சிரிக்கவில்லை. மதினியையே பார்த்துக்கொண்டு நின்றவர், ஓடிப்போய் ஏறி உட்கார்ந்து ரிவர்ஸ் கியரைப் போட்டார். வண்டி பின்பக்கமாகச் சரிவில் உருண்டாலும் ரிவர்ஸ் கியரில் எஞ்சின் பற்றிக்கொள்ளும் அல்லவா. மூக்கு தெற்கைப் பார்த்தபடியே இருக்கும். மதினி சொன்னதை ரன்பண்டாவிடம் சிங்களத்தில் சொன்னதும் அவர் கொஞ்சம் யோசித்தார். முகம்தானே கணக்கு, பரவாயில்லை என்றார்.

நேரம் வந்தது. எல்லோரும் வண்டியின் முன்பக்கம் கையை வைத்தார்கள். அப்படி வைத்தால் தள்ளுகிறவர்கள் வடக்குப் பார்க்க வேண்டியிருக்கும் என்று ஒருவர் கண்டுபிடித்தார். உடனே எல்லோரும் திரும்பி நின்று, முதுகைக் கொடுத்துத் தள்ளினார்கள். வண்டி முனகிக்கொண்டு உருண்டது, வேகம் பிடித்தது, அண்ணன் கிளட்சை விட்டார், இரண்டு முறை குலுங்கியது, நின்றுவிட்டது. சரிவில் பாதி முடிந்திருந்தது.

மறுபடியும் தள்ளினார்கள். மறுபடியும் குலுங்கி நின்றது. இப்போது மிச்சம் இருந்தது கடைசித் துண்டுச் சரிவு மட்டும். அதற்குக் கீழே வயல். அதில் போனால் கயிறு கட்டாமல் ஆண்டவரே வந்தாலும் எடுக்க முடியாது. மேலே திருப்பித் தள்ளவும் தெம்பில்லை, எல்லோரும் புதுத்துணியில் வியர்வையோடு நின்றார்கள்.

அண்ணன் இறங்கினார். கதவில் ஆடிக்கொண்டிருந்த மாவிலையைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "நானா, கயித்தக் கொண்டாங்க" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. பாண் தட்டு அடித்த அந்த வண்டியை நான் மனசுக்குள் பார்த்துவிட்டேன். காசிம் நானாவும் வேண்டாத வேலைக்குப் போகிறவர் மாதிரித்தான் எழுந்து போய்க் கயிற்றை எடுத்து வந்தார்.

மதினி பின்பக்கப் படியில் நின்று அகல் விளக்கைக் கையால் மறைத்துக்கொண்டிருந்தார். அத்தனை குலுக்கலிலும் அதைக் காபந்து பண்ணி வைத்திருந்தார். காசிம் நானா கயிற்றோடு வருவதைப் பார்த்ததும் விளக்கை என் கையில் கொடுத்துவிட்டு இறங்கினார். நேரே போய் அந்தக் கயிற்றை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

"வேணாங்க நானா. எங்க வீட்டுல யாரும் கயிறு கட்டத் தேவல்ல" என்றார்.

வண்டி என்றுதான் அதுவரை சொல்லிக்கொண்டிருந்தார். நாசமாய்ப்போன வண்டி என்றும் சொல்லியிருக்கிறார். அண்ணன் காதில் அந்தச் சொல் விழுந்தபோது அவர் முகம் போன போக்கை நான் இங்கே எழுதப்போவதில்லை. மதினி கயிற்றைத் தூரத்தில் எறிந்துவிட்டு, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, மூக்குப் பக்கம் போய் முதுகைக் கொடுத்து நின்றார். "என்ன பாத்துக்கிட்டு நிக்கிறீங்க, ஏறுங்க" என்று புருஷனை அதட்டினார். பக்கத்தில் மெனிக்கே வந்து முதுகைக் கொடுத்தார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு காசிம் நானாவும் வந்தார். பஞ்சாங்கம் அவரைக் கட்டுப்படுத்தாது, ஆனாலும் ஊரோடு ஒத்துத் தெற்கு பார்த்தே நின்றார்.

நான் உள்ளே, ஒரு கையில் விளக்கும் ஒரு கையில் படமுமாக உட்கார்ந்திருந்தேன். வண்டி உருண்டது. வெளியே மூச்சிரைப்பு, சிங்களம், தமிழ், யா அல்லா, மாதாவே. கிளட்ச் விழுந்தது. ஒரு குலுக்கு. இன்னொரு குலுக்கு. பிறகு எங்கிருந்தோ கிழவர் இருமுவது போல ஒரு சத்தம் வந்து, இருமல் நிற்காமல் உறுமலாகி, வண்டி முழுக்கப் புகை. வயலுக்கு ஓர் ஆள் நீளமே இருக்கும்போது அண்ணன் பிரேக்கை மிதித்தார். எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது.

தம்புள்ளைக்குப் போகவில்லை. அணைத்தால் மறுபடி கிளம்புமோ என்னவோ என்ற பயத்தில், ஓடுகிற எஞ்சினோடேயே பாற்சோறு சாப்பிட்டோம். கிளம்பும்போது மெனிக்கேக்கு மதினி கறுவாப் பட்டையும் சாதிக்காயும் கொடுத்தார். காசிம் நானா டிராக்டரில் பின்னாலேயே வந்தார். கயிறு எதற்கும் கைவசம் இருக்கட்டும் என்று வெளியே சொன்னார். மாத்தளைக்குள் எந்தச் சாட்சியும் இல்லாமல் எங்கள் வெற்றி போய்விடக் கூடாது என்பதுதான் உள்ளே இருந்த எண்ணம். பேக்கரி வாசலைத் தாண்டும்போது அவரே சத்தமாக ஹார்ன் அடித்தார். படத்துக்கு முன்னால் அகல் எரிந்துகொண்டிருந்தது. அதன்பின் அந்த வீட்டில் பல்பு போடவில்லை.

ஊருக்குத் திரும்புகிற வழியெல்லாம் அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்றுதான் யோசித்துக்கொண்டு வந்தேன். ரயிலில் ஒரு பொய்யைத் தயார் செய்து, கப்பலில் அதை மாற்றி, வீட்டு வாசலில் எல்லாவற்றையும் மறந்துவிட்டேன். பெட்டியை வைத்ததும் அம்மா கேட்டாள்.

"வாசல் எந்தப் பக்கம்?"

நாலந்தா மேட்டில் மூக்கு தெற்கே பார்த்து நின்ற வண்டியின் பின்கதவு எனக்கு ஞாபகம் வந்தது. "நல்ல நேரத்துல வடக்குப் பாத்து நின்னுச்சும்மா" என்றேன். நின்னுச்சு என்றால் என்ன அர்த்தம் என்பது போல் பார்த்தாள். அதற்குமேல் மறைக்க முடியவில்லை. அண்ணன் கட்டியிருப்பது சக்கரம் வைத்த வீடு, பழைய ஆம்புலன்ஸ், பேட்டரி இறங்கிப்போய் ஊரே சேர்ந்து தள்ளியது என்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

அம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். திட்டப்போகிறாள் என்று நினைத்தேன்.

"சக்கரம் இருக்கா" என்றாள். "அப்ப வந்துருவான்."

கப்பலில் வண்டி ஏற்றுவார்களா என்றெல்லாம் நான் சொல்லப் போகவில்லை. மறுநாள் காலையில், கொல்லையில் புளியமரத்தடியில் அடுக்கியிருந்த விறகையெல்லாம் அம்மா ஆள் விட்டு அகற்றினாள். ஒரு வண்டி வந்து நிற்கிற அளவுக்கு இடத்தைக் கூட்டிப் பெருக்கித் தண்ணீர் தெளித்தாள். பிறகு நடுவில் நின்று, பின்கதவு வடக்கே பார்க்க வேண்டுமென்றால் மூக்கு எந்தப் பக்கம் இருக்கும் என்று என்னைக் கேட்டாள்.